கணிப்பொறிக்கு வரும் கேடு: வீட்டிலும் அலுவலகத்திலும்

2017-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் வெள்ளிக்கிழமை உலகெங்கும் பரவத் தொடங்கிய ஒரு கணிப்பொறி நோய், மறுநாளே நம் சித்தூர் மாவட்டத்தை எட்டிவிட்டது. ஆந்திரக் காவல்துறையின் கணிப்பொறிகளுள் ஒரு பகுதி செயலற்றது. சித்தூர், கிருஷ்ணா, குண்டூர், விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் ஆகிய மாவட்டங்களைச் சேர்ந்த 18 காவல் பிரிவுகள் இதனால் தொல்லையுற்றன எனச் செய்தித்தாள்கள் எழுதின. சில நாட்களில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாக அலுவலகத்திலிருந்த சில கணிப்பொறிகளும் அதே நோய்க்கு ஆளாயின. (அக்காலத்தில் திருப்பதியும் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது, தனி மாவட்டமானது 2022 ஏப்ரலில்.) நமக்கு வடக்கேயும் தெற்கேயும் இதே கதைதான். சென்னையை அடுத்த ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார்த் தொழிற்சாலையின் உற்பத்தி தடைப்பட்டது.

அந்த நோயின் பெயர் வானாக்ரை. ‘அழத் தோன்றுகிறதா?’ என்று கேட்பது போன்ற பெயர். திரையில் சிவப்பு நிறத்தில் ஒரு பலகை தோன்றும். உன் கோப்புகள் யாவும் பூட்டப்பட்டன, 300 டாலர் பிட்காயினாகக் கொடு, மூன்று நாள் கடந்தால் 600 டாலர், ஏழு நாள் கடந்தால் கோப்புகளை மறந்துவிடு என்று அது மிரட்டும். ஐரோப்பியக் காவல் அமைப்பின் கணக்குப்படி 150 நாடுகளில் 2,00,000-க்கு மேற்பட்ட கணிப்பொறிகள் அதனால் தாக்கப்பட்டன.

இதில் நம் சிந்தனைக்குரிய செய்தி ஒன்று உண்டு. அந்த நாளில் விழுந்தவை காவல் நிலையங்கள், மருத்துவமனைகள், தொழிற்சாலைகள், தொலைபேசி நிறுவனங்கள். பூட்டும் காவலும் பணியாளரும் பணமும் உள்ள இடங்கள் இவை. ஒரு காவலும் இல்லாத வீட்டுக் கணிப்பொறிகளோ, உலக அளவில் பார்க்குமிடத்து, பெரும்பாலும் தப்பிவிட்டன. இது எங்ஙனம் நேர்ந்தது? வீடு அலுவலகத்தைவிடப் பாதுகாப்பானதா? ‘நம்மிடம் என்ன இருக்கிறது திருட? கம்பெனிக்காரனுக்கல்லவா கவலை!’ என்று விடுதி அறைகளில் நம் நண்பர்கள் பேசுவதைக் கேட்கிறோமே, அது சரிதானா? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பெயர்களைத் தெளிவு செய்துகொள்வோம். கணிப்பொறிக்குத் தீங்கு செய்யும் நோக்குடன் எழுதப்பெற்ற நிரல்கள் எல்லாவற்றையும் மால்வேர் என்பர். தமிழில் தீநிரல் எனலாம். பேச்சு வழக்கில் எல்லாமே ‘வைரஸ்’தான். ஆனால் வைரஸ் என்பது அதில் ஒரு வகை மட்டுமே. அது வேறொரு கோப்பைத் தொற்றிக்கொண்டு, அந்தக் கோப்பை நாம் திறக்கும்போது பரவும். புழு எனப்படுவது எவரும் எதையும் திறக்காமலே ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே ஊர்ந்து செல்வது. டிரோஜன் என்பது நல்ல நிரல்போல வேடமிட்டு வந்து, நாமே வாயில் திறந்து உள்ளே அழைக்குமாறு செய்வது. ரான்சம்வேர் என்பது உள்ளே வந்தபின் செய்யும் தொழிலைக் குறித்த பெயர்; கோப்புகளைப் பூட்டி மீட்புப் பணம் கேட்பது அத்தொழில். வானாக்ரை புழுவாகப் பரவி ரான்சம்வேராகத் தொழில் செய்தது. இந்த இரண்டையும் வேறுபடுத்திப் பார்த்தால்தான் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உள்ள வேற்றுமை விளங்கும்.

சொந்தக் கணிப்பொறிகளைத் தாக்கிய முதல் வைரஸ்களுள் ஒன்று நம் அண்டை நாட்டில் பிறந்தது என்பது பலர் அறியாதது. 1986-இல் லாகூரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் என்னும் இரு சகோதரர்கள் ‘பிரெயின்’ என்ற அந்த நிரலை எழுதினர். தம் மென்பொருளைத் திருடிப் படியெடுப்போரைக் கண்டறியவே எழுதியதாகச் சொன்னார்கள். நிரலுக்குள் தங்கள் முகவரியையும் தொலைபேசி எண்ணையும்கூட எழுதிவைத்தார்கள்! அக்காலத்துத் தீநிரல் அவ்வளவு வெள்ளை மனத்தோடு இருந்தது. இன்று அது ஒரு வாணிகம். வாணிகம் என்றால் கொள்முதல், விற்பனை, விலை நிர்ணயம் எல்லாம் உண்டு. எந்த வாடிக்கையாளரிடம் எவ்வளவு பெயரும் என்ற கணக்கும் உண்டு.

வானாக்ரையின் வழியை இனிச் சற்று விரிவாகக் காண்போம்.

விண்டோஸ் கணிப்பொறிகள் தமக்குள் கோப்புகளையும் அச்சுப்பொறியையும் பகிர்ந்துகொள்ள ஒரு பழைய ஏற்பாடு உண்டு. அதற்கென 445 என்ற எண்ணுடைய ஒரு வாயில் திறந்திருக்கும். அந்த ஏற்பாட்டில் ஒரு பிழை இருந்தது. குறிப்பிட்ட வகையில் அமைத்த செய்தியொன்றை அந்த வாயிலுக்கு அனுப்பினால், அனுப்பியவன் சொன்னதையெல்லாம் கணிப்பொறி செய்யும். அமெரிக்க நாட்டின் தேசியப் பாதுகாப்பு முகமை இப்பிழையை அறிந்திருந்தும் வெளியே சொல்லாமல், அதையே ஒரு கருவியாக்கி வைத்திருந்தது. எட்டர்னல்புளூ என்பது அக்கருவியின் பெயர். மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14 அன்று பிழையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. ஏப்ரல் 14 அன்று, ஷேடோ புரோக்கர்ஸ் என்று தம்மை அழைத்துக்கொண்ட ஒரு கூட்டம் அந்த அரசாங்கக் கருவியை உலகுக்கு அவிழ்த்துவிட்டது. மே 12 அன்று வானாக்ரை புறப்பட்டது.

நாட்களைப் பாருங்கள். மருந்து வந்து ஏறத்தாழ இரண்டு திங்கள் கழித்துத்தான் நோய் வந்தது. மருந்தை உண்டவருக்கு ஒன்றும் நேரவில்லை.

வீட்டிலுள்ள விண்டோஸ், உரிமையாளர் தடுக்காவிட்டால், தானே அந்தத் திருத்தத்தை இரவோடு இரவாக ஏற்றிக்கொள்ளும். ‘அப்டேட் ஆகிறது, அணைக்காதே’ என்று அது காத்திருக்க வைக்கும்போது நாம் கடிந்துகொள்கிறோம். வீடுகளைக் காப்பாற்றியதில் அந்தக் காத்திருப்புக்குப் பெரும்பங்கு உண்டு. இரண்டாவது காப்பு, வீட்டிலுள்ள ரவுட்டர். உள்ளிருந்து நாம் கேட்டதற்கு வந்த விடையை மட்டுமே அது உள்ளே விடும். கேளாமல் வந்து கதவைத் தட்டுவோரை வாசலிலேயே நிறுத்திவிடும். எனவே இணையத்தில் அலைந்த புழுவுக்கு வீட்டுக் கணிப்பொறியின் 445-ஆம் வாயில் கண்ணிலேயே படவில்லை.

அலுவலகத்துக்கும் வாசலில் காவல் உண்டே எனலாம். உண்டு. ஆனால் உள்ளே? திருமலைக்குச் செல்லும் வண்டிகள் எல்லாம் அலிபிரியில் நின்று சோதனைக்கு உட்படுகின்றன. மலைமேல் போனபின் ஒரு விடுதியிலிருந்து மற்றொரு விடுதிக்குச் செல்பவரை யார் சோதிக்கிறார்கள்? பல அலுவலகங்களின் வலையமைப்பு இவ்வாறே கட்டப்பட்டிருந்தது. வாசலில் ஒரு சோதனைச் சாவடி. உள்ளே எல்லாக் கணிப்பொறிகளும் ஒன்றையொன்று நம்பி 445-ஆம் வாயிலைத் திறந்து வைத்திருக்கும். கிளை அலுவலகத்திலிருந்து வரும் இணைப்பு ஒன்றோ, எவரோ வெளியே கொண்டுபோய் வந்த மடிக்கணிப்பொறி ஒன்றோ போதும். கூடையில் ஒரு மாம்பழம் அழுகினால் என்ன ஆகும் என்று சித்தூர் மாவட்டத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

அலுவலகங்கள் ஏன் மருந்தை உண்ணவில்லை? சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. அது முழு உண்மையன்று. அலுவலகத்தில் ஒரு கணிப்பொறியைத் திருத்தினால், அதன்மேல் ஓடும் சம்பளப் பட்டியல் நிரலோ, பத்தாண்டுக்கு முன் எவரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பதிவேட்டு நிரலோ நின்றுபோகலாம். நின்றுபோனால் பொறுப்பு யாருக்கு? ஆகவே ‘ஓடுகிறதைத் தொடாதே’ என்பது அலுவலக மரபாகிவிட்டது. மருத்துவமனைகளில் கதிர்ப்படக் கருவியோடு சேர்ந்து வந்த கணிப்பொறியைக் கருவி செய்தவனைக் கேளாமல் திருத்தவும் முடியாது. இங்கிலாந்தில் தேசிய நலவாழ்வுப் பணியின் 80 மருத்துவ அமைப்புகள் இந்நோயால் பாதிக்கப்பட்டன. ஏறத்தாழ 19,000 நோயாளிகளின் சந்திப்புகள் தள்ளிப்போயின என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் அதே ஆண்டு மதிப்பிட்டது.

இங்கே ஒரு தவறான கருத்தைத் திருத்த வேண்டும். வானாக்ரைக்கு விழுந்தவை விண்டோஸ் எக்ஸ்பி என்னும் கிழட்டுக் கணிப்பொறிகளே என்று அன்று எல்லோரும் எழுதினர். எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரலில். ஆகவே அந்த எண்ணம் இயல்பானதே. ஆனால் பின்னர் ஆராய்ந்தபோது, தொற்றுண்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 என்று தெரிந்தது. எக்ஸ்பியில் இந்தப் புழு நுழைய முயன்றபோது கணிப்பொறி நீலத்திரை காட்டிப் படுத்துவிடுவதே மிகுதி. முதுமையைவிடக் கவனிப்பாரின்மையே பெருங்குற்றம் என்பது இதனால் விளங்கும். விண்டோஸ் 7 அன்று ஆதரவுடன் இருந்த மென்பொருள். மருந்து வீட்டுக்கு வந்திருந்தது, உண்பார்தான் இல்லை.

தேவஸ்தானத்தின் நிகழ்ச்சி நல்ல பாடம். நோயுற்றவை நிர்வாக வேலைக்குப் பயன்பட்ட பழைய கணிப்பொறிகள் சில. பக்தர்களுக்கு அனுமதிச் சீட்டு வழங்கும் சேவை தடைப்படவில்லை. நாள்தோறும் பல்லாயிரவர் வந்துபோகும் இடத்தில் சீட்டு வழங்கும் அமைப்பு ஒரு மணி நேரம் நின்றிருந்தால் வரிசை எங்கே போய் நின்றிருக்கும்! முதன்மையான பணியைச் செய்யும் பொறிகளுக்கும் கடிதம் தட்டும் பொறிகளுக்கும் இடையே சுவர் இருப்பதன் பயன் இது. எல்லா நிறுவனங்களுக்கும் அந்த நற்பேறு வாய்ப்பதில்லை. 2019 கோடையில் ஆந்திர, தெலுங்கானா மின் பகிர்மான நிறுவனங்களின் இணையதளங்களை ஒரு ரான்சம்வேர் முடக்கியது. திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு மின் பகிர்மான நிறுவனமும் அவற்றுள் ஒன்று.

வானாக்ரை அடங்கியதும் ஒரு வியப்பான கதைதான். இங்கிலாந்தைச் சேர்ந்த மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இளைஞர் அதன் நிரலை ஆராய்ந்தார். புழு ஒவ்வொரு முறையும் பொருளற்ற நீண்ட பெயருடைய ஒரு இணைய முகவரியைத் தேடுவதைக் கண்டார். அந்த முகவரி எவர் பேரிலும் இல்லை. ஏறத்தாழ 11 டாலர் கொடுத்து அதைத் தம் பேரில் பதிவு செய்தார். முகவரி உயிர் பெற்றதும் புழு தன் வேலையை நிறுத்திக்கொண்டது! கொள்ளையர்க்குக் கிடைத்ததும் பெரிதன்று. 1,40,000 டாலர் அளவே. பணம் கட்டியவர் யார் என்று பிரித்தறிய ஒழுங்கான வழியே அந்த நிரலில் இல்லை. பணம் கொடுத்தால் கோப்பு வரும் என்று நம்பியவர்கள் ஏமாந்தனர்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, வீட்டில் இருப்போர் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டா. வீட்டுக்கு வரும் நோய் வேறு; அது வரும் வழியும் வேறு. அலுவலகத்தில் கள்வன் கதவை உடைத்தோ சன்னல் வழியாகவோ வருகிறான். வீட்டில் நாமே கதவைத் திறந்து, நாற்காலி போட்டு உட்கார வைக்கிறோம்.

எடுத்துக்காட்டு வேண்டுமா? ஸ்டாப் அல்லது டிஜாவு எனப்படும் ஒரு ரான்சம்வேர் குடும்பம் 2018 முதல் உலாவுகிறது. வானாக்ரையைப் போலச் செய்தித்தாளின் முதற்பக்கத்தில் அது இடம்பெற்றதில்லை. ஏனெனில் அது காவல் நிலையத்தையோ ஆலையையோ தேடிப் போவதில்லை. அதன் இரை வீட்டுக்காரர்களும் மாணவர்களுமே. விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை இலவசமாக ஓட்ட உதவும் ‘கிராக்’ என்றும், உரிமை எண்ணைப் பிறப்பிக்கும் ‘கீஜென்’ என்றும் இணையத்தில் கிடைப்பவற்றுள் அது ஒளிந்திருக்கும். படம் திருத்தும் மென்பொருளுக்கும் விளையாட்டுக்கும் கிராக் தேடும் மாணவன், பாதுகாப்பு நிரல் எச்சரித்தால் என்ன செய்கிறான்? ‘கிராக் என்றால் ஆன்டிவைரஸ் கத்தத்தான் செய்யும்’ என்று அதை அணைத்துவிட்டு மேலே செல்கிறான். காவல்நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கள்வனை அழைப்பது இதுதான். சிறிது நேரத்தில் படங்களும் பாடக் குறிப்புகளும் பூட்டப்படும். 980 டாலர் கேட்டுவந்தார்கள். 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி விலை, 490 டாலர். தள்ளுபடி விற்பனையேதான்.

அந்த விலையைக் கவனியுங்கள். பெரிய நிறுவனத்தைப் பிடிப்பவர்கள் அதன் ஆண்டு வரவு செலவைப் பார்த்து, இலட்சக்கணக்கான டாலர் கேட்கின்றனர். ஒரு நிறுவனத்துக்குள் நுழைந்தபின் பல நாட்கள் சத்தமின்றி உலாவி, எங்கே பேக்கப் இருக்கிறது, எதை அழித்தால் வலிக்கும் என்று பார்த்து, அதன்பின்தான் பூட்டுகின்றனர். பூட்டுவதற்கு முன்பே கோப்புகளை வெளியே கடத்தி, ‘கொடாவிட்டால் வெளியிடுவோம்’ என்று இரண்டாவது மிரட்டலும் விடுப்பர். வீட்டுக்காரரிடம் இத்தனை உழைப்பைச் செலவிடுவதில்லை. ஆயிரம் வீடுகளுக்கு ஒரே வலை, அகப்பட்டது இலாபம். நம்மைத் தேடி எவனும் வருவதில்லை என்பது மெய்யே. மீன்பிடிப்பவனும் குறிப்பிட்ட ஒரு மீனைத் தேடி வலை வீசுவதில்லை.

வீட்டில் இதைவிடப் பரவலான கேடு, ஓசையே இல்லாதது. நம் உலாவியில் கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கிறோம் அல்லவா? அவற்றை ஒரு நொடியில் அள்ளிக்கொண்டு போகும் திருட்டு நிரல்கள் உள. எந்தப் பலகையும் தோன்றாது. எந்தக் கோப்பும் பூட்டப்படாது. சில வாரம் கழித்து மின்னஞ்சல் கைமாறிப் போயிருப்பது தெரியவரும். அப்போதும் அதன் காரணம் தெரியாது. கைப்பேசியில் இதற்கு வேறு வடிவம். வாட்ஸ்ஆப்பில் திருமண அழைப்பிதழ் என்று ஒரு கோப்பு வரும். அல்லது போக்குவரத்து அபராதச் சீட்டு என்று வரும். கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என்று முடியும். அது அழைப்பிதழன்று, செயலி. அதைத் திறந்து நிறுவி, குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி எண் கள்வனிடம் நேரே போய்ச் சேரும். உறவினர் எண்ணிலிருந்தே வருவதால் நம்பிவிடுகின்றனர். உறவினரின் கைப்பேசி முன்பே விழுந்துவிட்டது என்பது யாருக்குத் தெரியும்?

செராக்ஸ் கடையையும் விட்டுவிடலாகாது. பல்கலைக்கழக வாயிலில் ஆய்வேட்டை அச்சிட வரிசையில் நிற்கிறோம். நமக்கு முன் நின்றவர் செருகிய அதே துளையில் நம் பென் டிரைவைச் செருகுகின்றனர். ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய பென் டிரைவ்! திரும்பி வந்து பார்த்தால் நம் கோப்புறைகள் எல்லாம் காணாமற்போய், அவற்றின் பெயரில் குறுக்குவழிக் குறிகள் மட்டும் நிற்கும். உண்மையில் கோப்புகள் அழிவதில்லை, மறைக்கப்படுகின்றன. குறுக்குவழியைச் சொடுக்கினால் வைரஸ் முதலில் ஓடிவிட்டு, பிறகு கோப்புறையைத் திறந்து காட்டும். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அச்சிட வேண்டியதைப் பிடிஎஃப்பாக மாற்றி மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் பென் டிரைவே வேண்டா. ஆனால் கடைக் கணிப்பொறியில் நம் மின்னஞ்சலைத் திறக்கலாகாது. கடையின் மின்னஞ்சலுக்கு நம் கைப்பேசியிலிருந்து அனுப்ப வேண்டும்.

இழப்பு எது பெரிது? நிறுவனத்தின் இழப்பை ரூபாயில் எழுதலாம். 2017 ஜூன் 27 அன்று பரவிய நாட்பெட்யா என்னும் தீநிரலால் மயர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு 25 முதல் 30 கோடி டாலர் வரை இழப்பு. மும்பையை அடுத்த ஜவகர்லால் நேரு துறைமுகத்தில் அந்நிறுவனத்தின் முனையமும் முடங்கியது. உலகெங்கும் அதன் வலையமைப்பின் அடிப்படைப் பதிவேட்டைத் தாங்கிய பொறிகள் எல்லாம் அழிந்துபோக, ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. ஏன் தெரியுமா? தாக்குதல் நேரத்தில் அங்கே மின்வெட்டு! அந்த ஒரு பொறியைக் கொண்டு மீண்டும் எல்லாவற்றையும் எழுப்பினர். மின்வெட்டை வாழ்த்திய நிறுவனம் உலகில் அது ஒன்றாகத்தான் இருக்கும். 2022 நவம்பர் 23 அன்று தாக்குண்ட புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ஏறத்தாழ இரண்டு வாரம் எல்லாம் கையெழுத்தில் நடந்தன. ஆனாலும் இவை மீண்டன. நிறுவனத்துக்கு ஆள் உண்டு, பணம் உண்டு, இழந்ததைக் காகிதத்திலிருந்தாவது திரும்ப எழுத வழியுண்டு.

வீட்டில் இழப்பது வேறு வகை. இறந்துபோன தாத்தாவின் குரல் பதிவு, குழந்தை முதலில் நடந்த படம், மூன்றாண்டு களப்பணி செய்து சேர்த்த நாட்டார் பாடல்கள். இவற்றுக்குச் சந்தையில் காசு பெறாது. ஆகவே காக்கவும் எவரும் செலவிடுவதில்லை. அது மட்டுமன்று. அலுவலகத்தில் ஒரு கணிப்பொறி நின்றால் அரை மணியில் எவரேனும் கவனிப்பர். வீட்டில் ஆறு மாதம் கள்வன் குடியிருந்தாலும் கேட்பாரில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. என் கருத்தில் மிகப் பெரிய இடர் அவர்களுக்குத்தான். திருப்பதிப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தங்கும் விடுதி, டிராவல்ஸ், சித்தூர்ப் பக்கத்துச் சிறு மாங்கூழ் ஆலை, மொத்த வெல்ல வியாபாரி, தணிக்கையாளரின் சிறு அலுவலகம். இங்கே கணிப்பொறி ஒன்றோ இரண்டோதான். பகலில் கணக்கு எழுதுகிறார்கள். மாலையில் முதலாளியின் மகன் அதில் படம் இறக்குகிறான். வீட்டுக்குரிய கதவுகள் எல்லாம் திறந்திருக்கின்றன. உள்ளே இருப்பதோ வாணிகப் பொருள். விடுதிக் கணிப்பொறியில் தங்கியவர்களின் ஆதார் படிகள் கிடக்கின்றன. மாங்கூழ் ஆலைக்கு ஆனி, ஆடி மாதங்கள்தாம் ஆண்டின் உயிர். அந்த நாட்களில் விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டிய கணக்குப் பூட்டப்பட்டால், ஆலைக்காரரோடு தோப்புக்காரரும் காத்திருக்க நேரும். பெரிய நிறுவனத்துக்குள்ள பொறுப்பாளர் இங்கே இல்லை. கணிப்பொறி பழுது பார்க்கும் பையனே மருத்துவன், காவலன் எல்லாம். அவன் போட்டுக் கொடுத்த விண்டோஸே கிராக் செய்ததாக இருந்தால் என்ன சொல்வது?

சிறியவர்கள் பெரியவர்களை நம்பி வாழ்வதாலும் இடர் உண்டு. 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை வழங்கும் சி-எட்ஜ் நிறுவனம் ரான்சம்வேரால் தாக்கப்பட்டபோது, ஏறத்தாழ 300 கூட்டுறவு, கிராமப்புற வங்கிகளின் பணமாற்றுச் சேவை முன்னெச்சரிக்கையாகத் துண்டிக்கப்பட்டது. கணிப்பொறியே தொட்டறியாத ஒரு கிராமத்தாரும் அன்று தீநிரலின் பயனை அனுபவித்தார்.

இனிச் செய்ய வேண்டியது என்ன? பெரிய நிறுவனத்தார்க்கு ஆலோசனை சொல்ல வல்லுநர் உளர். உள்ளே சுவர் எழுப்புதல், திருத்தங்களைக் காலத்தில் ஏற்றுதல் முதலியவற்றை அவர்கள் சொல்வர். சைபர் பாதுகாப்பு நிகழ்ச்சிகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. நாம் வீட்டுக்கும் சிறு கடைக்கும் உரியதைப் பேசுவோம்.

ஆன்டிவைரஸ் வாங்க ஓட வேண்டா. விண்டோஸில் 2012 முதலே அது உடன் வருகிறது. அதை அணைக்காமல் இருந்தால் போதும். திருத்தங்களைத் தள்ளிப்போடலாகாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் பொது ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. கூடுதல் காலத் திட்டத்தில் சேராத விண்டோஸ் 10 கணிப்பொறிகள் இன்று மருந்து வராத வீடுகள். அவற்றை விண்டோஸ் 11-க்கு மாற்ற முடியாவிட்டால், கட்டணமில்லாத லினக்ஸ் ஒன்றை நிறுவிக்கொள்ளலாம். தமிழில் தட்டச்சவும் இணையம் பார்க்கவும் அது தாராளமாகப் போதும்.

எல்லாவற்றினும் முதன்மையானது பேக்கப். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. எப்போதும் கணிப்பொறியில் செருகியே கிடக்கும் வன்தட்டு பேக்கப் ஆகாது. ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். நகல் எடுத்ததும் கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும். கானா நாட்டுப் பொறி பிழைத்தது மின்சாரம் இல்லாமையால் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஆய்வேடு எழுதும் நண்பர்கள் வாரம் ஒருமுறையேனும், தேதியிட்ட புதுக் கோப்பாக ஒரு நகலை வெளியே வைக்க வேண்டும். பழைய நகலின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டிருந்தால், பூட்டுண்ட கோப்பு நல்ல நகலையும் விழுங்கிவிடும். கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் வைப்போர்க்கும் இது பொருந்தும். அங்கே கோப்பின் பழைய வடிவங்கள் சில நாட்கள் வரை காக்கப்படுகின்றன. அந்நாட்களுக்குள் கவனித்தால்தான் பயன்.

கடைக்காரர்கள் ஒரு பழைய கணிப்பொறியையேனும் வங்கிக்கும் கணக்குக்கும் மட்டும் என்று ஒதுக்குவது நலம். படம் பார்க்க மகனுக்கு வேறொன்று இருக்கட்டும். அந்தச் செலவு ஒரு நாள் விடுதி வருமானத்துக்கு மேல் போகாது.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்கலாகாது. 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் வங்கிக் கணக்குகளை முடக்கச் சில மணி நேரமே வாய்ப்பு உண்டு. மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மாலையில் ஒன்றும் இராது.

கோப்புகள் பூட்டுண்டுபோனால், முதலில் இணைய இணைப்பையும் செருகியுள்ள வன்தட்டுகளையும் கழற்றிவிடுங்கள். உடனே ‘ஃபார்மட்’ செய்துவிடச் சொல்லும் பழுது பார்ப்பவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பு, டச்சுக் காவல்துறை முதலியன 2016-இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ என்னும் இணையதளத்தில் பல ரான்சம்வேர்களுக்கு இலவசத் திறவுகோல்கள் உள்ளன. டிஜாவுக்கும் 2019 அக்டோபரில் எம்சிசாப்ட் என்ற நிறுவனம் ஒரு திறவுகோல் வெளியிட்டது. 148 வகைகளுக்கு அது உதவியது. அதன் பிறகு வந்தவற்றில் ஒரு நுட்பம் இருக்கிறது. பூட்டும் நேரத்தில் தீநிரல் தன் எசமானனோடு தொடர்புகொள்ள முடியாது போனால், தன்னுள் வைத்துள்ள ஒரு பொதுச் சாவியால் பூட்டிவிடும். அந்தச் சாவி என்றேனும் வெளிப்பட்டால், அதனால் பூட்டப்பட்ட அனைவருடைய கோப்புகளையும் திறக்கலாம். ஆதலின் பூட்டுண்ட கோப்புகளை அழிக்காமல், மிரட்டல் கடிதத்தோடு சேர்த்து ஒரு பழைய வன்தட்டில் எழுதி, மேலே தேதி ஒட்டி, பெட்டியில் போட்டு வைத்து, ஆண்டுக்கு இருமுறை அந்த இணையதளத்தைப் பார்த்துவர வேண்டும்.